இக்கரையில் மட்டும் சிக்னல்

அக்டோபர் 6

அதே கட்டடம், அதே லிஃப்ட், இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. ஐந்தாம் மாடியில் கதவு மூடமாட்டேன் என்கிறது. யாரோ துணிப்பையைக் கதவில் மாட்டி இழுத்து சென்சாரை வளைத்திருக்கிறார்கள். "லிஃப்ட்டுக்கு வயசாயிடுச்சு தம்பி" என்றார் செக்ரட்டரி. லிஃப்ட்டுக்கு வயதாகவில்லை, உங்கள் ஆட்களுக்குத்தான் பொறுமை இல்லை என்றேன். முகம் கறுத்துவிட்டது. ஆபீசுக்குப் புகார் போகும். போகட்டும்.

பொறுமையைப் பற்றி நான் பாடம் எடுக்கிறேன். என் மனைவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

சாயங்காலம் அவளுடைய போன். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள நான் சொல்லணும். நான் அங்க வரட்டுமா, நீ இங்க வர்றியா? மூணாவதா ஒண்ணு கிடையாது."

யோசிக்கிறேன் என்றேன்.

"எட்டு மாசமா யோசிக்கிற. வேற எதுக்காவது நீ எட்டு நிமிஷம் யோசிச்சு நான் பார்த்ததில்ல."

உண்மைதான். கல்யாணமான புதிதில் அவளுக்கு அக்கரை ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஆர்டர் வந்தது. தற்காலிகம் என்று சொல்லித்தான் போனாள். இப்போது நிரந்தரமாக்குகிறார்கள். கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம் அங்கிருந்து அசையக்கூடாது. போடாவிட்டால் இங்கே வந்துவிடலாம், வேலையில்லாமல். நான் அங்கே போகலாம்தான். அரை நாள் லாஞ்ச் படகில் போனால் வருகிற ஊர், மொத்த ஊரிலும் இரண்டு மாடிக்கு மேல் கட்டடம் இல்லை. லிஃப்ட் டெக்னீஷியன் அங்கே போய் எதைத் தூக்குவான்?

வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

"வெள்ளிக்கிழமை சொல்றீங்களா, சரி" என்று வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால்தான் 'நீங்க' வரும்.

அக்டோபர் 8

மழை. அவள் கூப்பிடவில்லை. நானும்.

அக்டோபர் 10

வெள்ளிக்கிழமை. பதில் சொல்ல வேண்டிய நாள். காலையிலிருந்தே காற்று. மதியம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் சிக்னலும். கீழ் வீட்டு டாக்ஸி அண்ணனின் கார் மீது வேலியோர மரம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கண்ணாடி உடைகிற சத்தத்தைவிட அவர் போட்ட சத்தம்தான் பெரிசாகக் கேட்டது.

என்ன பதில் சொல்வதாக இருந்தேன்? போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தெரியவில்லை.

அக்டோபர் 12

தெருவில் முழங்கால் வரை தண்ணீர். மின் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. வெளியூர் ரோட்டில் பாலம் போய்விட்டதாம். படகுத்துறை பலகைகளைக் காணோம். லாஞ்ச் சேற்றில் ஏறி நிற்கிறது.

அக்கரையில் என்ன ஆயிற்று? யாருக்கும் தெரியவில்லை. ரேடியோவில் பெரிய ஊர்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

அவள் இருப்பது ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ். கான்கிரீட் கட்டடம், மேட்டில் இருக்கிறது. ஒன்றும் ஆகியிருக்காது. இதையே பத்து தடவை சொல்லிக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது.

அக்டோபர் 13

போன் அணைந்துவிட்டது. சிக்னல் இல்லாத போன் இருந்தாலென்ன, செத்தாலென்ன என்று யாரும் கேட்கலாம். அதில் அவள் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கிறது. நான் எதையும் அழிப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப சோப்பு வாங்கிட்டு வா. மஞ்சள். போன தடவ நீலத்த வாங்கிட்டு வந்து மஞ்சள்னு சாதிச்ச."

"லேப்ல இன்னிக்கு ஒருத்தர் ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே மயங்கி விழுந்துட்டார். போலீஸ்காரர்."

இன்னொன்று. அதில் ஒன்றுமே இல்லை. "ஹலோ... கேக்குதா? கேக்கலையா? சரி விடு." அவ்வளவுதான். போன் அணைகிற வரை நேற்று அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்ஸி அண்ணனிடம் போய், உங்கள் வண்டியிலிருந்து ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். போன் சார்ஜ் பண்ண என்றேன். எதற்கென்று சொல்லவில்லை.

"தம்பி, என் வண்டி செத்து இன்னும் ஈரம் காயல. அதுக்குள்ள உறுப்பு தானம் கேக்குறியே."

பிறகு அவரே ஸ்பேனர் எடுத்து வந்தார். "எங்க பாஷையில இதுக்கு டைனமோன்னு பேரு. நீ படிச்சவன், அதனால பேரு நீளமாயிடுச்சு."

அக்டோபர் 14

வீட்டுக்காரரின் தண்ணீர் பம்ப்பிலிருந்து பெட்ரோல் இன்ஜினை மட்டும் பிரித்தேன். பலகையில் ஒரு பக்கம் இன்ஜின், ஒரு பக்கம் ஆல்டர்னேட்டர், நடுவில் பெல்ட். இன்ஜின் புல்லி பெரிது, ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, சுற்றுக்குக் குறைச்சலே இல்லை. பேட்டரியில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு வோல்ட்டைத் தாண்டமாட்டேன் என்கிறது. பதினாலு வந்தால்தான் சார்ஜ் ஏறும். பெல்ட்டை இறுக்கினேன். வேகத்தைக் கூட்டினேன். ஆல்டர்னேட்டரைத் தட்டினேன். (தட்டியதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.) பாதி நாள் போனது.

கடைசியில் பார்த்தால், சின்ன ஒயரை எங்கேயும் கொடுக்கவில்லை. காரில் சாவி போட்டதும் ஒரு சிவப்பு பேட்டரி விளக்கு எரியுமே, அது வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. அதன் வழியாகத்தான் உள்ளே சுற்றுகிற ரோட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. அது போனால்தான் ரோட்டர் காந்தமாகும். இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சுற்றினாலும் வெறும் சக்கரம்.

நசுங்கிய டாஷ்போர்டிலிருந்து பல்பைப் பிடுங்கி நடுவில் வைத்தேன். எரிந்தது. இன்ஜினை இழுத்தேன். பல்பு மங்கி அணைந்தது. மீட்டரில் பதினாலே கால்.

எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அவசரத்தில் மறக்கிற அளவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அக்டோபர் 16

தெருவே போனோடு வந்துவிட்டது. டாக்ஸியில் இருந்த சார்ஜர் பிளக்குகளை எல்லாம் பேட்டரியில் மாட்டியிருக்கிறேன். மாடி வீட்டு டெய்லர் அக்காவுக்கு இன்ஜின் சத்தம் பிடிக்கவில்லை.

"காதுல பஞ்சு வச்சிருக்கேன். பஞ்சும் பத்தல."

"அப்ப உங்க போனை எடுத்துட்டுப் போங்க."

"ஏன் இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுற? இதுக்குத்தான் உன் பொண்டாட்டி தண்ணிய தாண்டிப் போயிட்டா."

டாக்ஸி அண்ணன் சட்டென்று, "ஏம்மா" என்றார். அக்காவுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நான் பெல்ட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது.

அக்கா போகும்போது சொன்னார், "எல்லார் போனும் ஃபுல்லா இருக்கு. பேசத்தான் வழியில்ல." அவருடைய அம்மா வெளியூரில் தனியாக இருக்கிறார்.

அக்டோபர் 17

காலையில் பேட்டரி காலி. நேற்று நிரப்பிவிட்டுத்தான் படுத்தேன். ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பு. ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற சாமான் எப்படிச் சூடாக இருக்கும்?

டயோடு. உள்ளிருந்து பேட்டரிக்கு மட்டும் கரண்டை விட வேண்டிய ஒருவழிப்பாதை அது. அதில் ஒன்று இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. நிறைத்ததை எல்லாம் ராத்திரி அதுவே திருப்பிக் குடித்துவிட்டது. மாற்று டயோடு கிடையாது. இனி இன்ஜினை நிறுத்தியதும் தடித்த ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும். சரியான தீர்வு இல்லை, ஓட்டலாம்.

போனில் மிச்சமிருந்த சார்ஜில் 'கேக்குதா' மெசேஜைக் கேட்டேன். அவளுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் இருக்கிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் குழாயடியாக இருக்கும். நான் அந்த இடத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதுவும் மதிய லாஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று வாசலிலேயே பாதி நேரம் நின்றேன்.

அக்டோபர் 19

எரித்துவிட்டேன்.

தெருக்காரர்கள் கொண்டுவந்த பேட்டரிகளில் ஒன்று நிறைந்துவிட்டது, அடுத்ததை மாட்ட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு மாட்ட வேண்டும். யார் மறுபடியும் கயிற்றை இழுத்துக் கிளப்புவது என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளிப்பைப் பிடுங்கினேன். பேட்டரி இல்லாமல் ஒரு நொடி ஆல்டர்னேட்டர் தறிகெட்டுப் பாய்ந்தது. ரெகுலேட்டர் போச்சு. டயோடு எல்லாம் போச்சு. பிளக்கில் மாட்டியிருந்த இரண்டு போன் சார்ஜரும் கூடவே.

மூன்று வருஷம் டிப்ளமோ படித்தவன் பண்ணுகிற காரியமா இது? ஒரு கயிறு. ஒரு இழுப்பு. அதற்குக்கூடப் பொறுக்கவில்லை.

டாக்ஸி அண்ணன் முகர்ந்து பார்த்தார். "முடிஞ்சுது. இப்பத்தான் என் வண்டி முழுசா செத்தது" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

போனில் ஏழு சதவீதம். இனி கேட்கக் கூடாது.

அக்டோபர் 20

கேட்டேன். போச்சு.

அக்டோபர் 21

டாக்ஸி ஸ்டாண்டுக்கு அண்ணன் கூட்டிப்போனார். தண்ணீரில் மூழ்கிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. இன்ஜினுக்குள் தண்ணீர் போனவை, இனிமேல் ஓடாது. ஆல்டர்னேட்டர்களைக் கழற்றிச் சேற்றைக் கழுவி, பிரஷ்களைத் துடைத்து, வெயிலில் வைத்தால் ஐந்து தேறும். பேட்டரிகளும் இருக்கின்றன, ஒன்றில் என் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டேன்.

ஒன்றுதான் வேண்டும் என்று போனேன். திரும்பி வரும்போது செல்போன் டவர் அடியில் காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டவரின் ஜெனரேட்டரும் மூழ்கியதாம். தண்ணீர் வடிந்ததும், முன்பு கம்பெனி ஆள் சொல்லிக்கொடுத்தபடி அவரே கிளப்பியிருக்கிறார். டீசல் இன்ஜின் ஓடியது, கரண்ட் தயாரிக்கிற தலைப்பக்கத்துக் கம்பிச்சுருள் ஈரத்தோடு எரிந்துவிட்டது.

இன்ஜின் ஓடுகிறது. அதை இன்னொரு தடவை கேட்டேன். "ஓடுது சார், நல்லா ஓடுது. ஓடி என்ன செய்யும்?"

டவருக்கு நாற்பத்தெட்டு வோல்ட். காருக்குப் பன்னிரண்டு. நான்கைக் கோத்தால் நாற்பத்தெட்டு. அந்த இன்ஜினின் முன் புல்லியிலிருந்து நான்கு ஆல்டர்னேட்டரை ஓட்டினால் டவர் எழும். டவர் எழுந்தால் பேசலாம்.

பேசலாம்.

அக்டோபர் 22

காவலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்பெனி ஆள் வரட்டும் சார்."

"ரோடு இருந்தாத்தான வருவான்?"

"அப்ப ரோடு வரட்டும் சார்."

"உங்களுக்கு யார்கிட்டயும் பேச வேண்டாமா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "மாமனார் போன் இல்லாம இந்த ரெண்டு வாரம் நிம்மதியா இருக்கேன் சார்."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. டாக்ஸி அண்ணன்தான் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போனார். "இந்தா பாருப்பா, டவர் செத்துப்போச்சுன்னா உனக்கு என்ன வேலை? செத்த டவருக்கு எவனாவது சம்பளம் குடுத்துக் காவல் வைப்பானா?"

காவலாளி டவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட் சாவியை எடுத்து வந்தார்.

வீடு திரும்பும்போது ஒன்று கவனித்தேன். இந்த இரண்டு வாரமாக லிஃப்ட்டைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஆபீஸ் இருக்கிறதா, இடிந்ததா என்றுகூடப் போய்ப் பார்க்கவில்லை. சோப்பு வாங்கி வரச் சொல்கிற ஒரு குரல் இல்லாமல்தான் என்னவோ போல இருக்கிறது.

அங்கே போகிறேன். அவ்வளவுதான் பதில். வெள்ளிக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. முப்பத்தொன்றுக்குள் அவள் காதில் விழ வேண்டும்.

அக்டோபர் 24

இடது கையால் எழுதுகிறேன்.

லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த இரும்புக் கோணச் சட்டத்தில் நான்கு ஆல்டர்னேட்டரையும் போல்ட் போட்டு முறுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு கோத்து, கடைசி கேபிளை வைத்தேன். இன்ஜினைக் கிளப்பவே இல்லை. வெல்டிங் பற்றவைத்த மாதிரி ஒரு பொறி. கேபிள் கையோடு உருகியது.

காருக்குப் பண்ணிய ஆல்டர்னேட்டருக்கு அதன் உடம்பே மைனஸ். நான்கு உடம்பையும் ஒரே இரும்பில் முறுக்கினால் நான்கு மைனஸ்ஸும் ஒன்று. அப்புறம் எங்கே வரிசையாகக் கோப்பது? ஒவ்வொரு பேட்டரிக்கும் நானே ஷார்ட் கொடுத்திருக்கிறேன். காரில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும், அதனால் அந்த யோசனையே வரவில்லை.

டெய்லர் அக்கா மருந்து போட்டுவிட்டார். திட்டிக்கொண்டேதான் போட்டார். "யாருக்காக இந்த ஓட்டம் ஓடுறன்னு தெரியாதுன்னு நெனச்சியா? ராத்திரி அந்தப் பொண்ணு குரல் மாடி வரைக்கும் கேக்குது. 'கேக்குதா, கேக்கலையா'ன்னு. எனக்கே பதில் சொல்லணும்போல இருக்கு."

காது சூடாகிவிட்டது.

அக்டோபர் 25

இரும்பு கூடாது. மரம் வேண்டும். கனமான, அதிராத மரம். ஊரில் விழுந்த மரம் எல்லாம் ஈரம். ஈர மரத்தை நம்ப முடியாது.

"என் கட்டிங் டேபிள் காஞ்ச மரம்" என்றார் டெய்லர் அக்கா. அதன் மேல்தான் அவருடைய பிழைப்பே நடக்கிறது. வேண்டாம் என்றேன். "உனக்காக யார் குடுத்தா? எங்க அம்மாகிட்ட பேசணும். அறுத்துக்கோ."

அறுத்தேன். என் ஒரு கையும் டாக்ஸி அண்ணனின் இரண்டு கையும்.

அக்டோபர் 27

நான்கும் தனித்தனி மரக்கட்டையில். ஒன்றின் உடம்பு ஒன்றில் படவில்லை. பெல்ட் ரப்பர், அதனால் அதன் வழியாகவும் ஒன்றும் கடக்காது. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பேட்டரி, சொந்தமாக ஒரு பல்பு. மீட்டரை வைத்து எல்லா ஜோடியையும் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு மூன்றாவது தடவை.

"என்ன தம்பி, பயமா?" என்றார் அண்ணன்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 28

காலையில் நான்கு பல்பும் எரிந்தன. காவலாளி இன்ஜினைக் கிளப்பினார். முதல் பல்பு அணைந்தது, இரண்டாவது, நான்காவது. மூன்றாவது மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பெல்ட் அதன்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. கை தானாகப் பெல்ட் பக்கம் போனது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி, இறுக்கி, மறுபடி கிளப்பச் சொன்னேன். நான்கும் அணைந்தன. ஐம்பத்தைந்து வோல்ட். டவரின் பெட்டிக்குள் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

முதலில் காவலாளியின் போன்தான் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமனார் சார்" என்றார். எடுக்கவில்லை.

பிறகு தெரு முழுக்க. வேலியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்று பேசுகிறார்கள். டெய்லர் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா, சாப்பிட்டியா? சாப்பிட்டியான்னு கேட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காதாம்.

நான் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும். வெளியே. மறுபடியும்.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆன்டெனா சரி. லிங்க் சரி. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் கிடைக்குது, டவரை எழுப்பினவனுக்குக் கிடைக்கலையா?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு போன் பேச இரண்டு டவர் வேண்டும். நான் எழுப்பியது என் பக்கத்து டவர். அவளுக்கு மேல் நிற்கிற டவரை யார் எழுப்பினார்கள்?

இத்தனை நாள், இத்தனை கேபிள், இந்தக் கை. ஒரு நிமிஷம்கூட அது தோன்றவில்லை. நான் பேசினால் அவளுக்குக் கேட்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 29

வெளியே. வெளியே. வெளியே.

அக்டோபர் 31

படகுத்துறையில் இன்னும் எதுவும் கிளம்பவில்லை. சாயங்காலம் வரை டவர் அடியிலேயே நின்றேன். 'வர்றேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஒரே டிக். அங்கே போய்ச் சேரவில்லை. பக்கத்தில் நின்றால் சேரும் என்கிற மாதிரி நின்றேன். நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன்.

இப்போது அங்கே ஆபீஸ் மூடியிருப்பார்கள்.

நவம்பர் 2

மருந்து ஏற்றிக்கொண்டு அக்கரை ஆஸ்பத்திரிக்கு நாளை ஒரு படகு போகிறதாம். மருந்தும், அவசியமான ஆளும் மட்டும்தான். டாக்ஸி அண்ணன் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்றேன். "டவர் இன்ஜினியர்னு சொன்னேன். மூஞ்ச கொஞ்சம் இன்ஜினியர் மாதிரி வச்சுக்கோ."

காவலாளியிடம் கிளப்புகிற முறையைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஓடும்போது எது சூடாக இருக்கிறது என்று பார்க்க பேட்டரி கிளிப் மீது கையை வைத்தேன். "சார், ஓடும்போது கிளிப்ல கை வைக்கக் கூடாது" என்று என் கையைத் தட்டிவிட்டார். இனி அவருக்கு நான் தேவையில்லை.

ஆபீசுக்கும் டவர் அடியில் நின்றே போன் போட்டேன். வரமாட்டேன் என்றேன். எப்போது வரை என்று கேட்டார்கள். வரமாட்டேன் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

நவம்பர் 3

படகில். ஐந்தாவது ஆல்டர்னேட்டரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். படகோட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டவர் இன்ஜினியரா? டவர் எங்க?"

"மடியில இருக்கு."

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அக்கரை தெரிகிறது. ஆஸ்பத்திரி மேடு தெரிகிறது. கட்டடம் நிற்கிறது. டவர் நிற்கவில்லை. பாதியில் மடங்கி, தலை தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. எத்தனை ஆல்டர்னேட்டர் கொண்டு வந்தாலும் அது எழாது. படகில் நான்தான் முதலில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 4

நேற்று நடந்ததை எழுத வேண்டும். கோர்வையாக வராது.

லேபில் கரண்ட் இல்லை. ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, வெயில் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கதவருகே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஸ்லைடை மாற்றத் திரும்பியபோதுதான் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க?"

இப்பத்தான் என்றேன்.

"கையில என்ன கட்டு?"

"ஷார்ட் ஆயிடுச்சு."

"எது?"

"நான்தான் பண்ணேன்."

பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகவேயில்லை. அவர் இருக்கும்போதே சொன்னாள்.

"கையெழுத்து போட்டுட்டேன். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். போன் இல்ல, போட் இல்ல, உங்க நிலைமை தெரியும். ஆனா அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியும் எட்டு மாசம் இருந்துச்சு."

நான் சொல்ல வந்ததும் அதே பதில்தான். வலித்திருக்கக் கூடாது. வலித்தது. நான் இல்லாமலே அவள் முடிவெடுத்துவிட்டாள். நான் வராமலிருந்தாலும் இங்கே அவள் இப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

சரி என்றேன்.

"சரின்னா?"

"ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேன்."

"டவரே படுத்துக் கிடக்கு. மெசேஜ் எங்க வரும்? என்னன்னு அனுப்புன?"

"வர்றேன்னு."

ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உன் வேலை?" என்றாள். விட்டுவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றுவிட்டது. அவள் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. அந்த ஸ்லைடில் அவ்வளவு பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

நவம்பர் 6

ஆம்புலன்ஸ் இன்ஜினில் அதன் சொந்த ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்திலேயே நான் கொண்டுவந்ததையும் மாட்டிவிட்டேன். இது ஒரே வண்டி, ஒரே பன்னிரண்டு வோல்ட், வரிசையாகக் கோக்க ஒன்றும் இல்லை, அதனால் உடம்பு உரசினாலும் கவலை இல்லை. லேபில் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுகிற சின்ன ஃபிரிட்ஜுக்கு அது போதும். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "மூணு வருஷம்" என்றாள்.

நவம்பர் 9

குவார்ட்டர்ஸுக்கு ஒரே சாவி. இன்னொன்று போடலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். சாவி வெட்டுகிற மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், வந்ததும் வா என்றார் கடைக்காரர். மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்ற ஒரு வழி இருக்கிறது. சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாவி அவளிடம். அவளுக்கு டியூட்டி முடியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா இரண்டு தடவை வந்து, உள்ளே வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார். பரவாயில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். இங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரிப் பாதை வளைவு வரை தெரிகிறது.